ஒன்றரைக் கை வெந்நீர்

குன்னூருக்கும் மேலே, மேகம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து துணிக்கொடியை நனைத்துவிட்டுப் போகிற உயரத்தில், பதினோரு வீடுகளும் ஒரு பொதுக் குளியலறையும் ஒரே ஒரு செம்பு பாய்லரும் உள்ள லில்லி காம்பவுண்டில், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் அந்தப் பாய்லரின் அடித்தகட்டு ஒட்டு விட்டுப்போய், இருநூறு லிட்டர் வெந்நீரும் அடுப்பில் இறங்கி, நெருப்பை அவித்து, சாம்பலைக் கரைத்துக்கொண்டு கேட் வரைக்கும் ஓடியது. பதினோரு வீட்டாரும் வெளியே வந்து ஐயோ ஐயோ என்றார்கள். மயிலாத்தாள் மட்டும் கையில் விறகோடு அப்படியே நின்றாள், ஏனென்றால் மற்றவர்களுக்குப் போனது வெந்நீர், அவளுக்குப் போனது பதவி.

யாரும் எழுதிக்கொடுத்த பதவி இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பச்சை பிடித்துக் கவிழ்ந்து கிடந்த பாய்லரைப் புளிபோட்டுத் தேய்த்து, தன் கையாலேயே செங்கலும் களிமண்ணும் வைத்து அதைச் சுற்றி அடுப்பு கட்டி, முதல் முறை பற்றவைத்தவள் அவள்; பற்றவைக்கிறவள்தான் யாருக்கு எத்தனையாவது வாளி என்று சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கே தானாக ஏற்பட்டுப்போன வழக்கம். மறுநாள் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் தாய், பெண் பார்க்க வருகிற வீட்டின் தகப்பன், கோர்ட்டில் வாய்தா இருக்கிறவர் எல்லோரும் முதல் நாள் சாயந்திரமே அவள் வாசலில் வந்து நின்று, "மயிலக்கா, நாளைக்கு மொத வாளி நமக்குங்க" என்பார்கள். "பாக்கலாம்" என்பாள் மயிலாத்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே அவள் நாலரை மணிக்கு எழுந்தாள் என்றாலும் தப்பில்லை. மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், புருஷன் சென்னியப்பன் கேரட் வேனை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் மத்தியானம்தான் வருவான், வேறு யாருக்கும் அவள் எதற்கும் வேண்டியிருக்கவில்லை.

செம்பை நெருப்பு தாங்கும்படி ஒட்டுகிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருத்தர்தான், மேட்டுப்பாளையத்து உதுமான் பாய். போன் போட்டாள். "கெளம்பிட்டேம்மா, மலையேறிட்டே இருக்கேன்" என்றார் அவர். சனிக்கிழமையும் மலையேறிக்கொண்டே இருந்தார், ஞாயிற்றுக்கிழமையும் ஏறிக்கொண்டே இருந்தார்; போனில் பஸ் இரைகிற சத்தம் கேட்டதால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. காம்பவுண்டின் ஒயரிங் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது, ஒரு வீட்டில் ஹீட்டர் போட்டால் பதினோரு வீடும் இருண்டுவிடும். கேஸ் அடுப்பில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சினால் சிலிண்டர் பத்து நாளில் கையை விரித்துவிடும். ஆகவே ஜனங்கள் காது மடலில் மட்டும் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டு குளித்ததாகப் பேர் பண்ணினார்கள்.

மூன்றாம் நாள் காலையில், ஏழாம் வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதமே ஆன கோசலை, பூங்காவில் தோட்டவேலை பார்க்கிற குணசீலனின் பெண்சாதி, இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஊற்றலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காகப் பச்சைத்தண்ணீர் வாளிக்குள் வலது கையை விட்டாள். தண்ணீர் சுட்டது. கையை எடுத்துவிட்டு இடது கையை விட்டாள், இன்னும் சுட்டது, ஓரத்தில் முத்துமுத்தாகக் குமிழியும் கிளம்பியது. அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூங்கவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "அக்கா, எங்கூட்டுல தண்ணி காஞ்சிருக்குதுங்க, உங்களுக்கும் ஒரு வாளி வேணுங்களா?" என்று கேட்டாள். அவள் எப்படிக் காய்ந்தது என்று கேட்டாள், கோசலை சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியும் சரி என்று வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

எப்படி நடந்தது என்று லில்லி காம்பவுண்டில் ஒருத்தரும் ஆராயவில்லை. வரிசை எப்படி நிற்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. முதல் வீட்டு ரெபெக்கா டீச்சர், ரிட்டயர் ஆகியும் சாக்பீஸை விடாதவர், தரையில் கோடு போட்டு நம்பர் எழுதினார். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, முப்பது எண்ணுகிற நேரம் தண்ணீருக்குள் இருந்தால் அது ஒரு கை என்று அளவும் வகுத்தார். கைக்குழந்தைக்கு அரைக் கை, முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டு கை, மற்ற எல்லோருக்கும் ஒன்றரைக் கை. கண்ணாடி வளையல் சூட்டில் தெறித்துவிடுகிறது என்று வளையலைக் கழற்றச் சொன்னார்கள். விரலை வெட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று கோசலை காய் நறுக்கக்கூடாது என்றார்கள், வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து அவளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அமாவாசைக் குளியலுக்கு இந்தத் தண்ணீர் ஆகுமா என்று கேட்டதற்கு, புகை படாத தண்ணீர், கங்கைக்கும் மேலே என்றார் மாரியம்மன் கோவில் பூசாரி, சொல்லிவிட்டுத் தன் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். மின்வாரியத்திலிருந்து ஒருத்தர், ஏதோ வழியில் கரண்ட் திருடுகிறார்கள் போல என்று சோதிக்க வந்து, கோசலையின் விரல் நுனியில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு, ஒன்றரைக் கையில் குளித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் அதிசயம் பழசாகி, "இன்னிக்குக் கொஞ்சம் சூடு பத்தலயே கோசல" என்று குறை சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் மயிலாத்தாள் தன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று காலையில் ஜன்னலைச் சாத்துவாள், சாத்தின கையாலேயே திறப்பாள். கோசலை முக்காலியில் உட்கார்ந்திருப்பதும், ஜனம் கையில் வாளியோடு அவளைச் சுற்றி நிற்பதும், "கோசல, கோசல" என்று திசைக்கொரு குரல் கூப்பிடுவதும், அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சிரிப்பதும் கண்ணில் விழும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிறு எரிந்தது. பத்தொன்பது வருஷம் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் காய்ச்சினேன், நேற்று வந்தவள் கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உழைப்பும் இல்லை விறகும் இல்லை, ஊர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, சொன்ன சூட்டிலேயே தோசையைக் கருக்கினாள்.

எல்லாவற்றுக்கும் மேலே சென்னியப்பன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு செம்பு தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன், விடியற்காலையில் தோளில் துண்டும் கையில் வாளியுமாக, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஏழாம் வீட்டுக்கு நடந்தான்.

"ஏனுங்க, வாளி உங்க கைக்கும் வருமா?" என்றாள் மயிலாத்தாள்.

"அந்தத் தண்ணி என்னமா இருக்குது தெரியுமா மயிலு. மேல ஊத்துனா முதுகுல யாரோ கைய வெச்சு அமுக்குன மாதிரி இருக்குது. நீயும் ஒருக்கா வந்து குளிச்சுப் பாரேன்."

"எனக்குப் பச்சத்தண்ணிதான் ஒத்துக்கும்" என்றாள் அவள். பல் கிடுகிடுத்ததில் அந்தச் சொற்கள் முழுதாக வெளியே வரவில்லை. பாய்லர் கெட்டுக் கிடந்த நாற்பது நாளும் அவள் பச்சைத்தண்ணீரில்தான் குளித்தாள், தும்மிக்கொண்டே குளித்தாள். குளிப்பதற்கு முன்னால் கதவைத் தாழிட்டுவிட்டு, தன் இரண்டு கையையும் வாளிக்குள் விட்டு, முப்பது எண்ணினாள், அறுபது எண்ணினாள், நூறு எண்ணினாள். விரல்கள் நாவல்பழ நிறமானதுதான் மிச்சம்.

பிறகு அவள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் கதை ஞாயமாக இருக்காது. தன் சீப்பில் இருந்த முடியையெல்லாம் சுருட்டிக் கொண்டுபோய்க் குளியலறைச் சாக்கடை வாயில் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டுகிறது என்று பரப்பினாள். ரெபெக்கா டீச்சர் அந்த முடியை ஒரு குச்சியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பாதி நரை, பாதி மருதாணிச் சிவப்பு, காம்பவுண்டில் மருதாணி போடுகிறவர் ஒருத்தர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு நாள், கோசலையின் கையிலிருந்து ஏதோ சாயம் இறங்குகிறது, தண்ணீர் மஞ்சளாகப் போகிறது என்றாள். டீச்சர் ஒரு டம்ளர் மொண்டு அவள் கண் முன்னாலேயே குடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு மயிலாத்தாள் வாயைத் திறந்தாலே, "அக்கா ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிக்கத் தொடங்கினார்கள். உதுமான் பாய் இன்னும் மலையேறிக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் போடுகிறவளும் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் பாய்லரை மறந்தே போனார்கள்.

ஆனால் எப்போதும் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, மற்றவர்களுக்குத் தெரியாத சிலது தெரிந்துவிடும். இருபதாம் நாள் வாக்கில் கோசலை ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். மலையில் அது ஒன்றும் புதுசில்லை. பத்து நாள் கழித்து ஸ்வெட்டர் இரண்டானது, தலைக்குக் குல்லா வந்தது. அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற டீ, அவள் டம்ளரைப் பிடித்ததும் ஆவி அடங்கி ஏடு கட்டியது. பதினோரு வீட்டாரும் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது, அவள் பேசும்போது வரவில்லை. முதலில் சிவந்திருந்த கன்னம் வெளுத்து, பிறகு லேசாக நீலம் பாய்ந்தது. மயிலாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். அந்தப் பெண் வாளி வாளியாக ஊற்றிக் கொடுப்பது தன் உடம்பின் சூட்டைத்தான், அது தீர்ந்துகொண்டு வருகிறது என்று விளங்கிய அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். வேறு என்னவோ வந்தது என்று பொய் சொல்லி என்ன பிரயோஜனம், சந்தோஷம்தான் வந்தது, அன்றைக்குத் தோசை கருகவில்லை.

முப்பத்தெட்டாம் நாள், காலை வரிசை முடிந்தபின், கோசலையின் குழந்தை தத்தித் தத்தி நாலாம் வீட்டுக்கு, மயிலாத்தாளின் சமையலறைக்கே வந்து, அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே கோசலை வந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை வீரிட்டு, "அம்மா ஜில்லு, அம்மா வேண்டாம்" என்று மயிலாத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளிடமிருந்து ஒன்று தானாக என்னிடம் வந்துவிட்டது என்று மயிலாத்தாளின் நெஞ்சு ஒரு கணம் பூரித்தது. பூரித்த நெஞ்சில் குழந்தையைச் சேர்த்து அணைத்தபோது அதன் முதுகில், தாயின் உள்ளங்கை வழக்கமாகப் படுகிற இடத்தில், ஐஸ்கட்டி வைத்தது போல் ஒரு வட்டம் சில்லிட்டிருந்தது. மயிலாத்தாள் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே கோசலையைப் பார்த்தாள்.

"உக்காரு அம்மிணி" என்றாள். "இது உன்னக் கொன்னுரும். நிறுத்திப்போடு."

"தெரியுமுங்கக்கா" என்றாள் கோசலை.

"தெரிஞ்சுதான் பண்றியா?"

கோசலை குளிர்காய வைத்திருந்த நெருப்புச்சட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையை நெருப்பில் காட்டினாள். நெருப்பு ஒரு சாண் தணிந்தது. "எங்கூட்டுல நாங்க ஆறு பொட்டப்புள்ளைங்க. எங்கய்யனே எம் பேர மறந்துட்டு வேற பேரச் சொல்லித்தானுங்க கூப்பிடுவாரு. இங்க விடிஞ்சா பதினோரு ஊட்டுலயும் கோசல, கோசலங்கறாங்க. என்னால அத விட முடியலீங்கக்கா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மயிலாத்தாளுக்குத் தெரியும். அவளைவிட அது யாருக்குத் தெரியும். அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்தது, கூடவே, எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆன இடத்தை நாற்பது நாளுக்குள் பிடித்துவிட்டாளே என்று மறுபடியும் எரிந்தது.

அன்று சாயந்திரமே அவள் வீடு வீடாகப் போனாள். அந்தப் புள்ளை குளிர்ந்துபோகிறாள், கொஞ்ச நாளில் ஒன்றுமில்லாமல் போய்விடுவாள் என்றாள். முடிக் கதையும் சாயக் கதையும் கேட்டவர்கள் இதையும் கேட்டுச் சிரித்தார்கள். குணசீலனே, "அவ நல்லாத்தானுங்க இருக்கறா, மலைக்குப் புதுசு, அதான் குளிருது" என்றான். சென்னியப்பன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்குப் பொறாம மயிலு, பேசாம இரு" என்றான். பொறாமைக்காரி சொன்னால் உண்மையும் பொறாமையாகிவிடுகிறது. அதற்கும் அவளே காரணம் என்பதால் அவள் யாரையும் திட்டமுடியவில்லை.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம், கேரட் இறக்கிவிட்டு வேன் திரும்பி வந்து நின்றதும், மயிலாத்தாள் கடப்பாரையை எடுத்தாள். பாய்லர் அடுப்புக்குள் புதைத்துக் கட்டப்பட்டிருந்தது, அடுப்பை இடிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. அந்த அடுப்பில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக்கூடாது என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வைத்திருந்தவளும் அவள்தான். அதனாலேயே, ஒட்டுகிற ஆள் மேலே வராவிட்டால் பாய்லரைக் கீழே கொண்டுபோகலாமே என்கிற சின்ன யோசனை இத்தனை நாளும் ஒருத்தருக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை, அல்லது வந்ததை அவள் உள்ளேயே அமுக்கிவிட்டாள். அடுப்பு போனால் தனக்கென்று அந்தக் காம்பவுண்டில் ஒன்றுமே மிஞ்சாது. ஓங்கி முதல் குத்து குத்தினாள். களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். ரெபெக்கா டீச்சர் குறுக்கே வந்து நின்றார். "மயிலாத்தா, என்ன காரியம் பண்றீங்க? அந்தப் பொண்ணு எல்லாருக்கும் நல்லது பண்ணிட்டிருக்கு. அது பொறுக்காம இந்தப் பாய்லரை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து அவளை ஓரங்கட்டணுமா? இவ்வளவு பொறாமை ஆகாதும்மா."

"பொறாமதானுங்க டீச்சர்" என்றாள் மயிலாத்தாள். மூச்சு வாங்கியது, கடப்பாரையை ஊன்றிக்கொண்டாள். "இல்லீன்னு சொல்லல. அடிவயித்துலேர்ந்து பொறாம. அந்தப் பொறாமையில நாப்பது நாளும் விடிஞ்சதுலேர்ந்து அவளயேதான் பாத்துட்டு இருந்தேன். நீங்கல்லாம் அவளப் புகழ்ந்தீங்க. புகழ்ந்த அத்தன பேரும் வாளியத்தானுங்க பாத்தீங்க. அவ மூஞ்சிய ஒருத்தராச்சும் பாத்தீங்களா? அதோ நிக்கறா. போயி அந்தக் கன்னத்தத் தொட்டுப் பாருங்க, அப்பறம் என்ன வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன்."

இத்தனை நாள் அந்தப் பெண்ணின் கைச்சூட்டில் குளித்த ஜனத்தில் ஒருத்தர்கூட அவளைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. டீச்சர் மெல்லப் போய்க் கோசலையின் கன்னத்தில் கையை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. "ஆண்டவரே" என்றார். குணசீலன் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"எதுக்குங்கக்கா சொன்னீங்க?" என்று கோசலை மட்டும் மயிலாத்தாளைப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு கல்லாக எடுத்து அடுப்பைப் பிரித்தார்கள். இத்தனை நாள் சிரித்தவர்களே பாய்லரைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். கோசலையை நெருப்புச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, நாலு கம்பளியைப் போர்த்தி, பழக்கதோஷத்தில் எதிலும் கையை விட்டுவிடாமலிருக்க உல்லன் கையுறை மாட்டி முடிச்சுப் போட்டார்கள். பதினோரு வீட்டுப் பெண்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டார்கள். வேன் கிளம்பும்போது மயிலாத்தாளை யாரும் பார்க்கவில்லை. இப்பவும் அவளைச் சுற்றித்தான் கூட்டம் என்று நினைத்துக்கொண்டே அவள் வெறும் கேரட் சாக்கின் மேல் உட்கார்ந்து, பாய்லரை அணைத்துப் பிடித்தபடி மலையிறங்கினாள்.

உதுமான் பாய் மேட்டுப்பாளையத்தில் தன் பட்டறை வாசலில்தான் இருந்தார். "நாப்பது நாளா எந்த மலைய ஏறிட்டிருந்தீங்க பாய்?" என்று அவள் இறங்கும்போதே கேட்டாள்.

"அந்த மலையத்தாம்மா. அல்லா சத்தியமா தெனமும் மொத பஸ்ஸுல ஏறுனேன். மூணாவது வளைவு வந்தா உலகம் சுத்துது, கொடலு வாய்க்கு வருது. எறங்கி நடந்து திரும்பிருவேன். மறுநாள் ஏறுவேன்."

"அத வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

"ஒட்டுக்காரனுக்கு வளைவு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சா, மேல இருக்கறவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்கம்மா. வேற ஆளு வந்துட்டான்னா எனக்குப் பொறுக்காது" என்றார் அவர். மயிலாத்தாள் திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களை விழுங்கிவிட்டு, பாய்லரின் அடியைத் திருப்பிக் காட்டினாள்.

அன்றைக்கே ஒட்டி முடித்தார். மறுநாள் முழுக்க அவள் அடுப்பைத் திரும்பக் கட்டினாள், களிமண் காயக் காத்திருக்க நேரமில்லாமல் செங்கல்லை அப்படியே அடுக்கினாள், அதற்கடுத்த விடியலில் பற்றவைத்தாள். முதல் வாளி கோசலைக்கு என்று யாரும் கேட்காமலே ஆனது. அவளை மணையில் உட்காரவைத்து மயிலாத்தாள்தான் ஊற்றினாள். முதல் வாளி அவள் மேல் விழுந்து பச்சைத்தண்ணீராகத் தரையில் ஓடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, எட்டாவது என்று ஊற்ற ஊற்ற, ரெபெக்கா டீச்சர் விறகைத் தள்ள, ஆண்கள் தண்ணீர் சுமந்து நிரப்ப, இருநூறு லிட்டரும் தீர்ந்து மறுபடி இருநூறும் தீருகிற நேரத்தில், அவள் காலடியில் ஓடிய தண்ணீர் வெதுவெதுப்பாக ஓடியது. உதடு சிவந்தது. குழந்தை கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, ஒரு விரலால் தாயின் முழங்காலைத் தொட்டு, அப்புறம் ஈரத்தோடு ஈரமாக மடியில் விழுந்தது. அன்றைக்கு வேறு ஒருத்தரும் குளிக்கவில்லை, ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

உடம்பு தேறியபின் கோசலை ஒரு வாளியில் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு ஒரு நாள் சமையல் நின்றது. சாக்பீஸ் கோடு மழையில் அழிந்தது. "இருந்தாலும் கோசல கைத்தண்ணி மாதிரி இது வராது" என்று இரண்டு நாள் சொன்னார்கள், பிறகு அதையும் விட்டார்கள். மறுபடி சாயந்திரம் நாலாம் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள், மயிலாத்தாள் பாக்கலாம் என்றாள், மறுநாள் காலையில் யாருக்கு எத்தனையாவது என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போனதெல்லாம் அப்படியே அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்ததை நிம்மதியாக அனுபவிக்கத்தான் முடியவில்லை, ஏனென்றால் ஏழாம் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு கோசலை தினமும் நின்று பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல், கூப்பிடுகிற ஒவ்வொரு பேரையும் காதில் வாங்கிக்கொண்டு, அடிவயிறு எரிய எரிய நின்று பார்க்கிற அந்தப் பார்வையை மயிலாத்தாளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் பொறுத்தாள். இருபத்திரண்டாம் நாள் விறகை வைத்துவிட்டு நேரே ஏழாம் வீட்டுக்கு நடந்தாள்.

"நாளையிலேர்ந்து நீ பத்த வை அம்மிணி. நாலரைக்கு எந்திரிக்கோணும். யூகலிப்டஸ் வெறகு, ரெண்டு கட்டைக்கு மேல ஒரே நேரத்துல தள்ளாத."

கோசலை அவளையே பார்த்தாள். "மெய்யாலுமா சொல்றீங்க? அப்ப வாளி?"

"பத்த வெக்கறவதான் வாளி சொல்லோணும். அதுதான் இங்கத்த வழக்கம்" என்றாள் மயிலாத்தாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கசந்தது. நல்ல மனசால் கொடுத்தேன் என்று அவள் பின்னாலும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பார்வையோடு ஒரு நாள்கூட இன்னும் தன்னால் குப்பை கொட்ட முடியாது என்பதால் கொடுத்தாள், அதுதான் நிஜம்.

மறுநாள் காலையில் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் வாளியோடு வரிசையில் போய் நின்றாள். பாய்லருக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்வெட்டர் இல்லாமல் நின்றிருந்தாள் கோசலை. முதல் வாளி பரீட்சைக்குப் போகிற பெண்ணுக்குக் கொடுத்தாள். இரண்டாவது டீச்சருக்கு. மூன்றாவது, நாலாவது என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் குரலில் ஏற்கெனவே அதிகாரம் வந்திருந்தது, அதுவும் கச்சிதமாக வந்திருந்தது. அஞ்சாவது தனக்குத்தான் என்று நினைத்து மயிலாத்தாள் வாளியோடு முன்னால் போனாள்.

"இருங்கக்கா, உங்களுக்கு இன்னும் ஆகல" என்றாள் கோசலை, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஏழாவதா வாங்க."

மயிலாத்தாள் பின்னால் போய் நின்றாள். நெருப்புக்கு எதிரே குனிந்து கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது, நெற்றியில் வேர்வை அரும்பி, புருவத்தில் இறங்கி, மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று மயிலாத்தாளுக்கு நிம்மதியாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று யாராவது கேட்டிருந்தால், பொறாமைதான் என்று ஒளிக்காமல் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, அவள் வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.